பெரிய ஆம்ப் தீர்க்காத கோளாறு

கோயம்புத்தூரில் எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தருவது என் தொழில். கார் ஆடியோவுக்கும் எனக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. அக்கா மகன் தன் பழைய ஸ்விஃப்டில் கதவுக்கு 6.5 அங்குல ஸ்பீக்கர்கள், டிக்கியில் தாழ்ந்த ஒலிக்கென்று 10 அங்குல சப்வூஃபர், சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் நான்கு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) என்று மாட்டிக்கொண்டு நேரே என் பட்டறைக்கு வந்தான். "மாமா, ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்."

கேட்டேன். ஜால்ரா காதைக் கிழித்தது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்து ஒலிக்கும் பக்கம், போன இடம் தெரியவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பாட்டுக்கு நடுவே ஒரு விசில் எஞ்சினோடு சேர்ந்து ஏறியது. சத்தத்தைக் கூட்டினால் பாடகரின் குரல் கரகரத்தது. மாட்டிய கடையில் இதையெல்லாம் சொன்னதற்கு, "இதைவிடப் பெரிய ஆம்ப் போட்டால் சரியாகிவிடும் தம்பி" என்றார்களாம். மோட்டார் சூடாகிறது என்றவுடன், காரணம் பார்க்காமல் ஒரு ஹெச்பி கூடுதலாக வாங்கச் சொல்லும் ஆட்கள் எங்கள் தொழிலிலும் உண்டு.

முதலில் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி. சப்பை அணைத்துவிட்டு, பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளச் சொன்னேன். பாஸ் வந்தது. வலப்பக்கம் தள்ளினால் அங்கும் வந்தது. நடுவில் வைத்தால் காணவில்லை. இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடும்போது ஒன்று பாடுவதைவிடக் குறைவாகக் கேட்டால், ஒன்றுக்கு பாசிடிவ் நெகடிவ் மாறியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கிறது. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஐந்தரை மீட்டருக்கு மேல். காருக்குள் அந்த இரண்டு அலைகளும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஜால்ராவின் அலை சில சென்டிமீட்டர்தான் என்பதால் அது தப்பித்துக் காதுக்கு வந்துவிடுகிறது.

உறுதிசெய்ய ஒரு டார்ச் செல் போதும். கதவுப் பேனலைக் கழற்றி, 1.5 வோல்ட் செல்லின் பாசிடிவை ஆம்ப் முனையில் கழற்றிய வயரின் பாசிடிவிலும், நெகடிவை நெகடிவிலும் நொடிப்பொழுது தொட்டேன். இடது கதவு ஸ்பீக்கர் 'டப்' என்று வெளியே எழும்பியது. வலது உள்ளே போனது. ஸ்பீக்கர் வயர் ஒளி ஊடுருவும் உறை போட்ட ரகம். ஒரு இழை செம்பு நிறம், மற்றது வெள்ளி நிறம். வலப்பக்க வயரில் ஆம்ப் முனையில் செம்பு பாசிடிவ், கதவு முனையில் வெள்ளி பாசிடிவ். மாட்டியவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ. மாற்றிப் போட்டதும் மருமகன் முகம் மாறியது. உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் மட்டும் இந்தச் செல் சோதனையைச் செய்யாதீர்கள், அதன் காயில் மெல்லியது.

சப்புக்கும் இதே சந்தேகம் உண்டு, ஆனால் அது டிக்கியில் தள்ளி இருப்பதால் செல் பதில் சொல்லாது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு விதமாகவும் மாட்டிக் கேட்டு, எதில் பாஸ் நிறைகிறதோ அதையே வைத்துவிட்டோம்.

அடுத்து விசில். ஆல்டர்னேட்டரின் ஒலி பாட்டுக்குள் நுழைந்தால் நான் முதலில் பார்ப்பது எர்த். பின்சீட்டைத் தூக்கினால், பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒரு ஸ்குரூவை முறுக்கி எர்த் கொடுத்திருந்தார்கள். பாட்டை உரக்க வைத்து, ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். 0.8 வோல்ட். அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக் கூடாது. உப்புத்தாள் போட்டுத் தகடு மின்னும்வரை தேய்த்து, வயர் நுனியில் மாட்டும் வளைய லக் வைத்து போல்ட் போட்டு, துரு ஏறாமல் வாசலைன் தடவினேன். 0.1க்குக் கீழே இறங்கியது. விசிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆம்புக்குப் பாட்டுச் சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளும் பவர் வயரும் ஒரே பக்கத்தில் ஒட்டி ஓடியதுதான் காரணம். கேபிளை மறுபக்கம் இழுத்ததும் அதுவும் போய்விட்டது.

அந்தப் பவர் வயரைத் தடவிக்கொண்டே முன்னால் போனபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் இல்லை. டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே போட்ட ஃபியூஸ் ஆம்பைக் காக்கும், வயரைக் காக்காது. எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகட்டு ஓட்டையில், ரப்பர் வளையம்கூட இல்லாமல் அந்த வயரை நுழைத்திருந்தார்கள். உரசி உரசித் தோல் போனால் முழு பேட்டரியும் பாடியில் ஷார்ட் ஆகும், வண்டி எரியும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பாட்டு எப்படியிருந்தாலும் இதை மட்டும் இன்றே திறந்து பாருங்கள்.

கரகரப்புக்குக் காரணம் கெய்ன். அதை வால்யூம் என்று நினைத்துக் கடைசிவரை திருகியிருந்தார்கள். டேஷ்போர்டில் உள்ள ஹெட்யூனிட் (ஸ்டீரியோ) அனுப்பும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கான திருகு அது. அளவுக்கு மீறினால் அலையின் தலை வெட்டுப்படும். சேனலுக்கு 75 வாட், ஸ்பீக்கர் 4 ஓம். பெருக்கினால் 300, அதன் வர்க்கமூலம் 17.3. ஆம்ப் தர வேண்டிய வோல்ட் அதுதான். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டரை அணைத்து, 50 ஹெர்ட்ஸ் டோனை ஹெட்யூனிட்டின் முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, மீட்டரின் ஏசி அளவு 17 வோல்ட்டைத் தொடும்வரை கெய்னைக் குறைத்தேன். மலிவு மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸில்தான் ஒழுங்காகக் காட்டும். பிறகு கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸில் அந்த ஃபில்டர். அதற்குக் கீழே உள்ளதைச் சப் பார்த்துக்கொள்ளட்டும்.

கதவின் உள்தகட்டில் இருந்த பெரிய ஓட்டைகளை அதிர்வை அடக்கும் டாம்பிங் ஷீட்டால் மூடினோம். இல்லாவிட்டால் கூம்பின் பின்பக்கக் காற்று அந்த வழியாக வந்து முன்பக்கத்தோடு மோதும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் தொடவில்லை.

ஆக மொத்தம் ஷீட், ஃபியூஸ், ரப்பர் வளையம், உப்புத்தாள், லக். ஆம்ப் பழையதேதான். வலது கதவில் ஏதோ ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் சின்ன அதிர்வு இன்னும் வருகிறது; பேனல் கிளிப் ஒன்று உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன். கிளிப் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.