மூன்று பிள்ளைகள், மூன்று ஊர்கள்

"எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கம்ப்ரியாக்காரர்கள்" என்பார் என் மாமியார். இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் கம்ப்ரியா என்ற கவுண்டியே (நம் மாவட்டம் போல) 1974-ல்தான் பிறந்தது என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை. பழைய பதிவுகளில் தேட வேண்டியது அதற்கு முன்பிருந்த கம்பர்லாந்து கவுண்டி. அங்கே மில்லம் ஊரின் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாமியாரின் கொள்ளுத் தாத்தா கிடைத்தார். தொழில், இரும்புச் சுரங்கம். பிறந்த இடம் தென்மேற்கே கார்ன்வால் கவுண்டி. நாட்டின் மறுகோடி!

அதே தாளில் பிள்ளைகள் பிறந்த ஊர்களும் இருந்தன. மூத்தவள் கார்ன்வாலின் க்வென்னப், அடுத்தவன் டெவனின் டாவிஸ்டாக், கடைக்குட்டி மில்லம். வேறு வழிகாட்டி தேவைப்படவில்லை. அந்த வரிசையிலேயே ஊர்களைப் பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் க்வென்னப்புக்குப் பக்கத்து ஊரான ரெட்ரூத். பழைய மதுவடிசாலை ஒன்றை ஆவணக் காப்பகமாக்கி, க்ரெசன் கெர்னோ என்று கார்னிஷ் மொழியில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் கொள்ளுத் தாத்தாவைத் தேடி அரைநாள் வீணானது. சுரங்கக்காரர்களில் பலர் மெதடிஸ்டுகள், அதாவது ஜான் வெஸ்லியின் வழியில் வந்த தனிச் சபைக்காரர்கள் என்பது பிறகுதான் உறைத்தது. வெஸ்லி பதினெட்டு முறை பிரசங்கித்த க்வென்னப் பள்ளம் என்ற திறந்தவெளி பக்கத்திலேயே இருக்கிறது, எனக்குத்தான் தோன்றவில்லை. மெதடிஸ்ட் ஏட்டில், 1832-ல், ஆள் இருந்தார்.

சால்டாஷில் பொறியாளர் புரூனலின் 1859-ஆம் ஆண்டுப் பாலத்தில் ரயில் ஊர்ந்து டேமர் ஆற்றைக் கடந்தால் டெவன். டாவிஸ்டாக்குக்கு அருகே, ஆற்றங்கரையில், டெவன் கிரேட் கன்சோல்ஸ் செம்புச் சுரங்கம் இருந்த இடத்தில் கழிவு மேடுகள் இன்னும் பல இடங்களில் மொட்டையாகக் கிடக்கின்றன. செம்போடு ஆர்சனிக்கும் எடுத்த மண் அது. 1866-ல் செம்பு விலை சரிந்ததும் சுரங்கக்காரர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். பின்னாளில் கோலார் தங்கவயலுக்குப் போய், நம் வட ஆற்காட்டுக்காரர்களோடு குழிக்குள் இறங்கியவர்களும் உண்டு. எங்கள் கொள்ளுத் தாத்தா வடக்கே போனார்.

நானும் போனேன், பகல் முழுக்க ரயில் மாறி மாறி. பாரோ நகரைத் தாண்டி டட்டன் கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது மில்லம் ரயில். மில்லத்தின் ஹாட்பாரோ இரும்புச் சுரங்கம் 1968-ல் மூடப்பட்டது. கடல் உள்ளே வராமலிருக்க 1905-ல் கட்டி முடித்த பெருஞ்சுவர் நிற்கிறது. அதற்குள்ளே, குழி இருந்த இடத்தில், ஏரி. ஆலாப் பறவைகளின் கூச்சல் காதைத் துளைத்தது.

சுவரில் உட்கார்ந்து மாமியாருக்குப் போன் போட்டேன். பிள்ளைகளின் ஊர்களை வரிசையாகப் படித்தேன். மில்லத்தில் பிறந்த அந்தக் கடைக்குட்டி, ஒன்பது வயதுப் பையன், அவருடைய தாத்தா. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"க்வென்னப்... எழுத்துக்கூட்டிச் சொல்லம்மா, எழுதிக்கொள்கிறேன்."

மில்லத்துக் கணக்கெடுப்பாளர் அதைக் காதில் விழுந்தபடி 'குனாப்' என்று எழுதியிருந்தார். இரண்டையும் சொன்னேன்.