ப்ரீஆம்ப் வேண்டுமா? எங்கள் வீட்டுக் கணக்கு

அப்பா விட்டுச்சென்ற ஆடியோ சாமான்களில் இரண்டு இன்னும் வேலை செய்கின்றன: இசைத்தட்டைச் சுழற்றும் ஒரு டர்ன்டேபிள், ஸ்பீக்கரை ஓட்டும், ஆனால் வால்யூம் குமிழே இல்லாத ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர். அவற்றோடு இருந்த, வரும் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே பெருக்கி வால்யூமையும் கட்டுப்படுத்தும் ப்ரீஆம்ப்ளிஃபயர் (சுருக்கமாக ப்ரீஆம்ப்) பரணில் கிடந்து துருவேறிவிட்டது. கணினியில் பாட்டுக் கேட்பதற்காக ஒரு டேக் (DAC: டிஜிட்டல் ஒலியை மின்னலையாக மாற்றும் கருவி) வாங்கப் போனபோது, "ப்ரீஆம்ப் இல்லாமல் சத்தத்தில் கனம் இருக்காது மேடம்" என்றார் கடைக்காரர். அவர் காட்டிய ப்ரீஆம்பின் விலை என் மாதச் சம்பளத்தில் பாதி. பள்ளியில் ஓம் விதி நடத்துகிறவள் நான். கணக்குப் போடாமல் பணத்தை எடுக்க மனம் வரவில்லை.

சிடி பிளேயரோ டேக்கோ, முழு அளவில் ஏறக்குறைய 2 வோல்ட் தருகிறது. எங்கள் ஆம்ப்ளிஃபயர் வருவதை 20 மடங்காக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் அதன் முழுத் திறனான 50 வாட்டை எட்ட 20 வோல்ட் வேண்டும். அதாவது உள்ளே 1 வோல்ட் போனாலே போதும். கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்க 1 வாட் தாராளம். அதற்கு உள்ளே போக வேண்டியது சுமார் 0.14 வோல்ட்தான். வருவதே அதிகம் என்னும்போது இன்னும் பெருக்குவதற்கு ஒரு பெட்டி எதற்கு? எனக்குத் தேவைப்பட்டது குறைக்கும் வழி.

டேக்கை நேரடியாக ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, கணினியிலேயே ஒலியைக் குறைத்துக் கேட்டேன். மிகத் துல்லியமாக இருந்தது. ஒரு நாள் கணினி தானாக அணைந்து எழுந்தபோது ஒலி அளவு நூறுக்குப் போயிருந்தது. அதைக் கவனிக்காமல் தவில் பதிவு ஒன்றைப் போட்டுவிட்டேன். பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மா பதறி எழுந்துவிட்டார். ஸ்பீக்கர் தப்பியது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு குமிழ் கட்டாயம் வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

அடுத்த முறை சென்னை போனபோது ரிச்சி தெருவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழாக 10 கிலோஓம் இரட்டை பொட்டென்ஷியோமீட்டர் (திருகினால் மின்தடை மாறும் பாகம்) ஒன்றும், டேக்குக்கும் டர்ன்டேபிளுக்கும் மாறி மாறிப் போக ஒரு சுழல் சுவிட்சும் வாங்கினேன். இரண்டையும் ஓர் அலுமினியப் பெட்டிக்குள் வைத்துப் பற்றவைத்தேன். மின்சாரமே வேண்டாத பெட்டி. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தக் குமிழின் வெளியீட்டு மின்மறுப்பு (வெளியே போகும் சிக்னலுக்கு அது தரும் தடை) நடுவழியில் 2.5 கிலோஓம் வரை ஏறும். எங்கள் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்மறுப்பு அதைவிடப் பல மடங்கு பெரிது, 47 கிலோஓம்; இணைக்கும் வயர் அரை மீட்டர், அதனால் பாதகமில்லை. உள்ளீடு 10 கிலோஓமாக இருந்தாலோ வயர் அறைவிட்டு அறை ஓடினாலோ, நல்ல ப்ரீஆம்ப் ஒன்றை வாங்கத்தான் சொல்வேன்.

டர்ன்டேபிளின் கதை வேறு. அதன் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவைக் காந்தத்தால் மின்சாரமாக்கும் பாகம்) தருவது 5 மில்லிவோல்ட் அளவில்தான். சோதித்துப் பார்க்க நேரடியாக இணைத்து, ஸ்பீக்கரில் காதை வைத்தேன். கச்சேரி எங்கோ தொலைவில் நடந்தது. ஜால்ரா கேட்டது, மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை லேசாகக் கேட்டது, கனத்த ஒலி தரும் இடது பக்கமான தொப்பி அடியோடு காணோம். இசைத்தட்டில் பதியும்போதே கீழ்ச்சுருதி ஒலிகளைக் குறைத்து, மேல் ஒலிகளைத் தூக்கித்தான் பள்ளம் வெட்டுகிறார்கள். இல்லையென்றால் பள்ளங்கள் அகன்று தட்டில் இடம் போதாது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ (RIAA) 1954இல் வகுத்த அளவு அது. 20 ஹெர்ட்ஸுக்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கும் இடையில் சுமார் 40 டெசிபல் வித்தியாசம். அதைத் திருப்பிச் சரிசெய்து நூறு மடங்கு பெருக்கித் தருவதற்கென்றே இருப்பது ஃபோனோ ப்ரீஆம்ப். இதைத் தவிர்க்கவே முடியாது.

ஆகவே சிறிய ஃபோனோ ப்ரீஆம்ப் ஒன்றை மட்டும் வாங்கினேன். முதலில் 'உம்' என்று ஓர் இரைச்சல். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரை அதன் திருகில் முறுக்கியதும் நின்றது. அப்பாவின் நாதஸ்வரத் தட்டைத் துடைத்துப் போட்டேன். தொப்பி திரும்பி வந்த மிருதங்கத் தட்டு அடுத்து. அம்மா பூக்கூடையை ஸ்பீக்கர் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.