மழைக்கோட்டுக்குள் போன இலக்கம்

இன்று காலை வெள்ளவத்தை, காலி வீதி. மழை. சந்தியில் நின்ற பொலிஸ்காரரின் மழைக்கோட்டு கழுத்துவரை பூட்டியிருந்தது. பெயரும் இலக்கமும் உள்ளே, சீருடையில்.

யாரும் ஒளிக்கவில்லை, மழைதான் ஒளித்தது. ஆனால் பொலிஸ்காரர்மீது முறைப்பாடு எழுதும்போது இரண்டும் ஒன்றுதான்.

கோட்டின் நெஞ்சிலும் முதுகிலும் இலக்கத்தைப் பெரிதாக அச்சிட்டால் போதும். கிரிக்கெட் சட்டைக்கு முடிகிறதே!

அதுவரை நேரம், இடம், வாகன இலக்கம் மூன்றையும் உடனே குறித்துவையுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு உயர் நீதிமன்றம் தரும் அவகாசம் ஒரே மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசர அழைப்பு இலக்கம் 1996.

‘அடையாளம் தெரியாத உத்தியோகத்தர்’ என்று எழுதிய மனுவை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது?