பைத்தான் நிரலைப் பொட்டலம் கட்டி வெளியிட்ட அனுபவம்

ஒரே படம் இரண்டு மூன்று இடங்களில் கிடந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் சின்ன நிரல் ஒன்றை எனக்காக பைத்தானில் எழுதி வைத்திருந்தேன். நாலைந்து கோப்புகள்தான். படங்களைத் திறக்க பில்லோ என்ற நூலகம், கடைசியில் பிரவுசரில் பார்ப்பதற்கு ஓர் அறிக்கை, ஒப்பிடும் இடத்தில் வேகத்துக்காக சி மொழியில் ஒரு துண்டு. நண்பர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு, யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளும்படி வெளியிட்டுவிடலாம் என்று இறங்கினேன். நிரலை எழுதியதைவிட அதை வெளியே அனுப்பியதற்குத்தான் அதிக நேரம் போயிற்று.

முதல் சிக்கல், எந்த வழிகாட்டியை நம்புவது என்பது. பைத்தானில் பேக்கேஜ் செய்வதற்கு, அதாவது நிரலைப் பிறர் நிறுவும்படி கட்டுவதற்கு, இருபது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. தேடினால் எல்லாக் காலத்து அறிவுரையும் கலந்து வருகிறது. பழைய பாடங்கள் பைத்தானோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற கருவியில் தொடங்கும். அது 2023-இல் வந்த பைத்தான் 3.12-இல் இருந்தே நீக்கப்பட்டுவிட்டது. அடுத்த தலைமுறைப் பாடங்கள் செட்டப்.பிஒய் கோப்பை எழுதி நேரடியாக ஓட்டச் சொல்லும். அந்தக் கோப்பு இன்றும் செல்லும், ஆனால் அதை நேரடியாக ஓட்டி நிறுவும் பழக்கம் கைவிடப்பட்டது. இப்போதைய வழி பைபிராஜெக்ட்.டாம்ல் என்ற ஒரே கோப்பு. 2016-இல் பெப் 518 அதைக் கொண்டுவந்தது (பெப் என்பது பைத்தானில் மாற்றங்களை முன்மொழியும் ஆவணம்). பெயர், பதிப்பு, டிபெண்டென்சி (நிரலுக்குத் தேவைப்படும் பிற நூலகங்கள்) போன்ற விவரங்களை அதற்குள் எப்படி எழுதுவது என்பதை 2020-இல் எழுதப்பட்ட பெப் 621 வரையறுத்தது. ஒரு வழிகாட்டி இந்தக் கோப்பிலிருந்து தொடங்கவில்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

செட்டப்டூல்ஸ், ஹேட்ச்லிங், ஃப்ளிட், பொயட்ரி, யூவி என்று கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. எது சிறந்தது என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. சி துண்டு இருந்ததால் செட்டப்டூல்ஸை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். முழுக்க பைத்தானிலேயே எழுதிய நிரலுக்கு இவற்றில் எதுவும் போதும்.

பெயர் வைப்பதிலும் ஒரு விதி உண்டு. பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐ தளத்தில், பெயர்களில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. நடுக்கோடு, அடிக்கோடு, புள்ளி மூன்றும் ஒன்றுதான். எனவே வேறொருவர் நடுக்கோட்டோடு வைத்த பெயரை நாம் அடிக்கோட்டோடு எடுக்க முடியாது. நான் நினைத்த பெயர் அப்படித்தான் போனது. நிறுவும்போது கொடுக்கும் பெயரும் நிரலுக்குள் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை (பில்லோவை நிறுவிவிட்டு பிஐஎல் என்றுதானே இம்போர்ட் செய்கிறோம்), ஆனால் ஒன்றாக இருந்தால் பயன்படுத்துகிறவருக்கு ஒரு குழப்பம் குறையும்.

சரி, டாம்ல் கோப்பை எழுதி, பில்ட் கட்டளையைக் கொடுத்ததும் இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்று மூல நிரல் அடங்கிய எஸ்டிஸ்ட், மற்றது அப்படியே நிறுவக்கூடிய வீல். வீலை என் கணினியில் நிறுவினேன், ஓடியது. நம்பிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் நான் நின்றிருந்தது நிரல் இருக்கும் அதே ஃபோல்டரில். அங்கிருந்து ஓட்டினால் பைத்தான் நிறுவியதை எடுக்கிறதா, பக்கத்தில் கிடக்கும் மூலக் கோப்புகளை எடுக்கிறதா என்று சொல்ல முடியாது. அதனால் நிரலை எஸ்ஆர்சி என்ற உள் ஃபோல்டருக்கு நகர்த்தினேன். பிறகு வேறோர் இடத்தில் புதிதாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்றவற்றோடு கலக்காத தனி பைத்தான் இடம்) உண்டாக்கி, வீலை மட்டும் அங்கே நிறுவி ஓட்டினேன். உடனே விழுந்தது. அறிக்கைக்கான எச்டிஎம்எல் மாதிரிக் கோப்பு வீலுக்குள் இல்லை.

வீல் என்பது வெறும் ஜிப் கோப்புதான். திறந்து பார்த்தால் உள்ளே என்ன போயிருக்கிறது என்று அப்படியே தெரியும். பைத்தான் கோப்புகள் தானாகச் சேர்ந்துவிடும். மற்றவற்றை நாம் சொல்லிச் சேர்க்க வேண்டியிருக்கலாம், கருவிக்குக் கருவி விதி மாறும். சேர்த்த பிறகு அந்தக் கோப்பைப் படிக்கும் முறையையும் மாற்றினேன். ஃபோல்டர் பாதையைக் கணக்குப் போட்டுத் திறப்பதை விட்டுவிட்டு, பைத்தானோடு வரும் இம்போர்ட்லிப்.ரிசோர்சஸ் வழியாகக் கேட்டு வாங்கும்படி எழுதினேன். இது பின்னால் பெரிய உதவியாக இருந்தது, சொல்கிறேன். பில்ட் கருவி முதலில் எஸ்டிஸ்டைக் கட்டி, அந்த எஸ்டிஸ்டிலிருந்துதான் வீலைக் கட்டும் என்பதும் நல்ல ஏற்பாடு. எஸ்டிஸ்டில் ஏதாவது விடுபட்டால் நம் கண் முன்னாலேயே மாட்டிக்கொள்ளும்.

அன்றிலிருந்து எந்தப் பதிப்பையும் இப்படிக் காலி இடத்தில் நிறுவி ஓட்டாமல் அனுப்புவதில்லை. டெஸ்டுகளைக்கூட மூலக் கோப்புகள் மீது ஓட்டாமல், நிறுவிய வீல் மீதுதான் ஓட்டுகிறேன்.

டிபெண்டென்சிகளை எழுதும்போது பதிப்பு எண்ணை இறுக்கிப் பூட்டத் தோன்றும். 'பில்லோவின் இந்தப் பதிப்பு மட்டும்' என்று எழுதினால், அதே என்விரான்மென்டில் வேறு பதிப்பு கேட்கும் இன்னொரு பேக்கேஜோடு மோதும். குறைந்தபட்சப் பதிப்பை மட்டும் சொல்லி விட்டேன். பைத்தான் பதிப்புக்கு உச்ச வரம்பு வைப்பது இன்னும் வம்பு. புதிய பைத்தான் வைத்திருப்பவர் நிறுவ வந்தால் பிப் (பேக்கேஜ்களை நிறுவும் கருவி) 'முடியாது' என்று நிற்காது. அந்த வரம்பு எழுதப்படாத பழைய பதிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பின்னோக்கித் தேடி அதை நிறுவிவிடும். நாம் தடுக்க நினைத்தது ஒன்று, கிடைப்பது அதைவிட மோசம்.

பதிவேற்றுவதற்கு முன் டெஸ்ட் பைபிஐயில் ஒத்திகை பார்த்தேன். அது முற்றிலும் தனித் தளம், தனிக் கணக்கு. நம் டிபெண்டென்சிகள் அங்கே இல்லாமல் இருக்கலாம், அல்லது அதே பெயரில் யாரோ போட்ட வேறு ஏதோ இருக்கலாம். எனவே டிபெண்டென்சி இல்லாமல் நம் பேக்கேஜை மட்டும் அங்கிருந்து எடுத்து நிறுவிப் பார்ப்பது பாதுகாப்பானது.

உண்மையான பைபிஐயில் 2024 தொடக்கத்திலிருந்து எல்லாக் கணக்குக்கும் இரட்டை அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். பாஸ்வேர்டு கொடுத்துப் பதிவேற்ற முடியாது, டோக்கன் (பைபிஐ உருவாக்கித் தரும் ரகசியச் சாவி) வேண்டும். 2023-இல் வந்த டிரஸ்டட் பப்ளிஷிங் அதைவிட நிம்மதி. 'இந்த ரெப்பாசிட்டரியின் (நிரல் இருக்கும் இணையக் கிடங்கு) இந்த வொர்க்ஃப்ளோவிலிருந்து (அங்கே தானாக ஓடும் வேலை வரிசை) வந்தால் ஏற்றுக்கொள்' என்று பைபிஐயில் ஒருமுறை பதிந்துவிட்டால், ஒவ்வொரு வெளியீட்டின்போதும் சில நிமிடங்களே செல்லும் டோக்கன் தானாக உருவாகிறது. நாம் எங்கேயும் ரகசியத்தை ஒளித்துவைக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: ஒருமுறை ஏற்றிய கோப்பின் பெயரில் மறுபடி ஏற்றவே முடியாது, அழித்தாலும் முடியாது. ரீட்மியில் (நிரலின் அறிமுகக் குறிப்பு) ஓர் எழுத்துப் பிழை கண்ணில் பட்டால்கூட, பைபிஐ பக்கத்தில் அது மாற வேண்டுமென்றால் புதிய பதிப்பு எண்தான். மோசமான பதிப்பு வெளியே போய்விட்டால் அழிக்காமல் 'யாங்க்' செய்வது நல்லது. அந்தப் பதிப்பையே குறிப்பிட்டுக் கேட்பவர்களுக்கு அது கிடைக்கும், புதிதாக வருபவர்களுக்குப் போகாது.

இனி அந்த சி துண்டு. முழுக்க பைத்தானாக இருக்கும் நிரலுக்கு ஒரே வீல் எல்லாக் கணினிக்கும் போதும். சி நுழைந்ததும் கணக்கு பெருக்கலாகிவிடுகிறது: ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும், ஒவ்வொரு இயங்குதளத்துக்கும், ஒவ்வொரு வகை சிபியுவுக்கும் தனித்தனி வீல். பொருந்தும் வீல் இல்லையென்றால் பிப் எஸ்டிஸ்டை எடுத்து அங்கேயே கம்பைல் செய்யப் பார்க்கும், அதாவது சி நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றப் பார்க்கும். விண்டோஸில் கம்பைலர் வைத்திருப்பவர் எத்தனை பேர்? விஷுவல் சி++ 14.0 வேண்டும் என்று நீளமான சிவப்பு எழுத்துகள் வரும், அவரும் போய்விடுவார்.

லினக்ஸில் வேறு விதச் சிக்கல். புதிய லினக்ஸில் கட்டிய வீல் பழைய லினக்ஸில் ஓடாமல் போகலாம், ஏனென்றால் அடியில் இருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை சி நூலகம் அங்கே பழையது. பழையதில் கட்டினால் புதியதில் ஓடும். பல வகை லினக்ஸிலும் ஓடும் வீலுக்கான மெனிலினக்ஸ் ஏற்பாடு முழுதும் இந்த ஒரு உண்மையின் மேல் நிற்கிறது. 2016-இல் வந்த முதல் மெனிலினக்ஸ் சென்ட்ஓஎஸ் 5 என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, மெனிலினக்ஸ் 2014 சென்ட்ஓஎஸ் 7-ஐ. இப்போது ஜிலிப்சி எண்ணையே வீலின் பெயரில் போடுகிறார்கள். ஆல்பைன் லினக்ஸில் ஜிலிப்சியே இல்லை, மசல் என்ற வேறு நூலகம், அதற்குத் தனி வீல். இத்தனையையும் கையால் கட்ட யாராலும் ஆகாது. சிஐபில்ட்வீல் என்ற கருவி சர்வரில் வரிசையாகக் கட்டிக் கொடுக்கிறது, ஒவ்வொன்றையும் நிறுவி டெஸ்டும் ஓட்டும். கட்டினேன், வந்தது, வேலையும் செய்தது.

ஆனால் அந்த நீளமான கோப்புப் பட்டியலைப் பார்த்தபோது, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் புதிய பைத்தான் வரும்போதெல்லாம் இதை நான் மறுபடி கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்று யோசித்தேன். பைத்தான் பதிப்பு மாறினாலும் மாறாத இடைமுகமான ஸ்டேபிள் ஏபிஐயில் எழுதினால் பைத்தான் பதிப்புக்கு ஒன்று என்ற பெருக்கலாவது குறையும். நான் இன்னும் சோம்பேறித்தனமான வழியை எடுத்தேன். அடுத்த பதிப்பில் சி துண்டைத் தூக்கிவிட்டு அந்த வேலையை நம்பை என்ற கணக்கீட்டு நூலகத்திடம் கொடுத்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. எல்லா இயங்குதளத்துக்கும் வீல் கட்டும் பொறுப்பை நம்பையை நடத்துபவர்கள் ஏற்கெனவே செவ்வனே செய்துகொண்டிருக்கிறார்கள். என் பக்கம் ஒரே வீல்.

வெளியிட்டதும் முதலில் வந்த புகார் லினக்ஸ்காரர்களிடமிருந்து: பிப் நிறுவவே மறுக்கிறது. 2023-இல் வந்த டெபியன் 12 போன்றவற்றில் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நேரடியாக எதையும் போட விடமாட்டார்கள். பெப் 668 சொல்லும் ஏற்பாடு அது, நியாயமானதும்கூட. இப்படிப்பட்ட நிரல்களுக்கு பிப்எக்ஸ்தான் சரியான வழி. தனி என்விரான்மென்டில் நிறுவி, கட்டளையை மட்டும் வெளியே எடுத்துத் தரும். ரீட்மியில் பிப்எக்ஸ் கட்டளையை முதல் வரியாக மாற்றியதும் அந்தப் புகார் நின்றது.

அப்புறம்தான் உண்மையில் கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்டார்கள். "பைத்தான் என்றால் என்ன, அதை எங்கே கிளிக் செய்வது?" படங்கள் நிறைந்துபோன கணினி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். பைபிஐ, வீல் எல்லாம் இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. இவர்களுக்காக பைஇன்ஸ்டாலரை எடுத்தேன். அது பைத்தானையும் நூலகங்களையும் நம் நிரலையும் சேர்த்து ஒன்றாகக் கட்டித் தருகிறது. விண்டோஸுக்கானதை விண்டோஸிலும், மேக்குக்கானதை மேக்கிலும்தான் கட்ட முடியும். எந்த மாட்யூல் தேவை என்பதை இம்போர்ட் வரிகளைப் படித்துக் கண்டுபிடிக்கும். ஓடும்போது பெயரை எழுத்துச் சரமாகக் (ஸ்ட்ரிங்) கொடுத்து இம்போர்ட் செய்திருந்தால் அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். எச்டிஎம்எல் மாதிரிக் கோப்பையும் சேர்க்கச் சொல்ல வேண்டியிருந்தது, ஆனால் ரிசோர்சஸ் வழியாகப் படித்ததால் நிரலில் ஒரு வரியும் மாறவில்லை.

வேடிக்கை ஒன்று நடந்தது. விண்டோஸில் ஓட்டியதும் நிரல் தன்னைத் தானே மறுபடி மறுபடி திறந்துகொண்டே போனது. மல்டிபிராசஸிங் (வேலையைப் பல பிராசஸ்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) பயன்படுத்தும் நிரலைக் கட்டும்போது, தொடக்கத்திலேயே ஃப்ரீஸ் சப்போர்ட் என்ற அழைப்பைப் போட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு துணை பிராசஸும் தன்னை முதல் ஆள் என்று நினைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டுவது பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது தற்காலிக ஃபோல்டரில் தன்னைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் தொடங்கும். மெதுவாகத் திறக்கும், சில ஆன்டிவைரஸ்கள் அந்த நடத்தையைப் பார்த்து வைரஸ் என்று பிடிக்கும். ஃபோல்டராகக் கட்டி ஜிப் செய்து கொடுத்ததில் இரண்டு தொல்லையும் குறைந்தன. டிஜிட்டல் கையெழுத்திடாத நிரலை விண்டோஸ் எச்சரித்துத்தான் திறக்கும். சான்றிதழ் வாங்கும் அளவுக்கு இது பெரிய நிரல் இல்லை என்பதால் எச்சரிக்கை வரும் என்பதையும், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஷா-256 எண்ணையும் பதிவிறக்கப் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். பலர் மறந்துவிடும் இன்னொன்று: இப்படிக் கட்டிக் கொடுக்கும்போது பைத்தானையும் பில்லோவையும் நம்பையையும் நாம்தான் விநியோகிக்கிறோம், எனவே அவற்றின் லைசென்ஸ் கோப்புகளும் உள்ளே போக வேண்டும்.

மேக்குக்குக் கட்டிய நிரலை மட்டும் வெளியிடவில்லை. அங்கே டெவலப்பர் கணக்குக்கு ஆண்டுச் சந்தா கட்டி, கையெழுத்திட்டு, ஆப்பிளிடம் அனுப்பி நோட்டரைஸ் செய்யாவிட்டால் (அதாவது ஆப்பிளின் சோதனையில் ஒப்புதல் பெறாவிட்டால்) மேக்கின் பாதுகாப்பு ஏற்பாடான கேட்கீப்பர் தடுத்துவிடும். மேக்காரர்களுக்கு இப்போதைக்கு பிப்எக்ஸ் வழிதான்; சந்தாவைப் பகிர்ந்துகொள்ள யாராவது முன்வந்தால் பார்க்கலாம்.