கரு கலைகிற நாளில் இருவரையும் பிரித்து நிறுத்தாதீர்கள்

கரு கலைந்துபோன பெண்ணுக்கு நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பெரும்பாலும் சரியாகவே நடக்கிறது. ரத்தப்போக்கைக் கவனிக்கிறார்கள், தொற்று வராமல் பார்த்துக்கொள்கிறார்கள், நெகட்டிவ் ரத்த வகை என்றால் அடுத்த கர்ப்பத்துக்குப் பாதிப்பு வராமலிருக்க ஆன்டி-டி ஊசி போடுகிறார்கள், அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தச் சில மணி நேரம் அவளை உள்ளேயும் அவள் கணவனை வெளியேயும் நிறுத்திவிடுகிறார்களே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று வெகு நாளாக இருந்தது. எங்களுக்கு அது சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. போன மாதம் என் சித்தப்பா மகன் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு போன் செய்தான். “அண்ணே, உள்ள விட மாட்டேங்கிறாங்க. அவ அழுறாளா, மயக்கத்துல இருக்காளா, ஒண்ணும் தெரியல” என்றான். எங்கள் நேரத்தில் இருந்ததில் எதுவுமே மாறவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

முதல் அடி பெரும்பாலும் ஸ்கேன் அறையில்தான் விழுகிறது. பல ஸ்கேன் சென்டர்களில் கணவனை உள்ளே விடுவதில்லை. வயிற்றில் ஜெல் தடவிப் படுத்திருக்கிற பெண், ஸ்கேன் பார்க்கிறவர் திடீரென்று பேச்சை நிறுத்துவதைக் கவனிக்கிறாள். திரை லேசாகத் திரும்புகிறது. “கூட யாரும்மா வந்திருக்காங்க?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலேயே அவளுக்குப் புரிந்துவிடும் என்று என் மனைவி சொல்வாள். அப்புறம் ஒரு கவர் கையில் கிடைக்கும், டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்பார்கள். டாக்டர் மாலையில்தான் வருவார். அதுவரை யார் பொறுத்திருப்பார்கள்? கவரைப் பிரித்து, “நோ கார்டியாக் ஆக்டிவிட்டி”, அதாவது இதயத் துடிப்பு இல்லை என்ற வரியை போனில் தட்டித் தேடி, படிக்கட்டு ஓரத்தில் நின்று தெரிந்துகொள்கிற தம்பதிகள் எத்தனையோ பேர். நாங்களும் அப்படித்தான்.

சில சமயம், “ஒரு வாரம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பார்த்துடலாம்” என்பார்கள். இது ரொம்பக் கொடுமையான வாரம், ஆனால் அதற்குச் சரியான காரணம் இருக்கிறது. கருவின் நீளம் 7 மில்லிமீட்டரை எட்டியும் துடிப்பு இல்லை என்றால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்குக் குறைவாக இருந்தால் நாள் கணக்கு தள்ளிப்போயிருக்கலாம், உயிரோடு இருக்கிற கருவைத் தவறிக் கலைத்துவிடக் கூடாது என்றுதான் காத்திருக்கச் சொல்கிறார்கள். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லாமல் விட்டால் ஒருத்தர் நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குவார், இன்னொருத்தர் மனதைக் கல்லாக்கிக்கொள்வார், ஒரே வீட்டுக்குள் அந்த ஒரு வாரத்தை இரண்டு பேரும் வெவ்வேறாக வாழ்வார்கள்.

உறுதியான பிறகு வழிகள் மூன்று. தானாக வெளியேறக் காத்திருக்கலாம், மாத்திரை வைக்கலாம், அல்லது உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்யலாம். ரத்தப்போக்கு அதிகமாகவோ காய்ச்சலோ இல்லாவிட்டால், எது வேண்டும் என்று யோசிக்கக் கொஞ்சம் நேரமும் உண்டு. எங்களுக்கு இது எதையும் யாரும் விளக்கவில்லை. “நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வந்துடுங்க” என்பது மட்டும்தான் வந்தது. மறுநாள் அவளை உள்ளே அழைத்துப் போனார்கள், என் கையில் ஒரு சீட்டு வந்தது. மருந்துக் கடை, பில் கவுண்டர், திரும்ப மருந்துக் கடை, ரத்தம் கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்ற கேள்வி, ஒரு படிவத்தில் கையெழுத்து. ஓடிக்கொண்டே இருந்தால் நமக்கு ஏதோ வேலை இருக்கிற மாதிரித்தான் இருக்கும். ஆனால் அவள் எழுந்து பார்த்தபோது பக்கத்தில் நான் இல்லை.

பக்கத்தில் இருந்தது ஒரு கைக்குழந்தை. பிரசவித்தவர்களையும் கருவை இழந்தவர்களையும் ஒரே வார்டில்தான் போடுகிறார்கள், நடுவே ஒரு துணித் திரை. குழந்தை அழுகிறது, யாரோ இனிப்பு கொடுக்கிறார்கள், கொசுவலைக்குள் எட்டிப்பார்த்து மூக்கு யார் மாதிரி என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தரை துடைக்க வந்த ஆயா இவள் கட்டிலைப் பார்த்து, “என்ன குழந்தைம்மா?” என்று கேட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, அந்த வார்டில் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் அது. அவரிடம் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான். என் மனைவி பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். இதை என்னிடம் சொல்லவே அவளுக்குப் பல மாதம் ஆனது.

தனி அறை எல்லா இடத்திலும் கொடுக்க முடியாது, தெரியும். அரசு மருத்துவமனையில் ஒரு கட்டிலுக்கு எவ்வளவு நெருக்கடி என்றும் தெரியும். ஆனால் கடைசிக் கட்டிலைக் கொடுக்கலாம். பெண் நோய் வார்டில் இடம் இருந்தால் அங்கே போடலாம். கேஸ் ஷீட்டில் ஒரு குறி போட்டு, ட்யூட்டி மாறும்போது சிஸ்டரிலிருந்து ஆயா வரைக்கும் சொல்லிவிடலாம். கணவனைக் கொஞ்ச நேரம் உள்ளே விடலாம். என் சித்தப்பா மகன் விஷயத்தில் நைட் ட்யூட்டி சிஸ்டர் ஒருவர் ஸ்கிரீனை இழுத்து மூடிவிட்டு, “தம்பி, பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்” என்றிருக்கிறார். பத்து நிமிடமும் அவர்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லையாம், கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அந்த சிஸ்டரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

டாக்டர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன். அவள்மேல் தப்பு இல்லை என்பதை அவளிடம் தனியாகச் சொல்லாதீர்கள். கணவனையும், வெளியே உட்கார்ந்திருக்கிற மாமியாரையும் அம்மாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்லுங்கள். ஆரம்ப வாரங்களில் கலைகிற கருக்களில் பாதிக்குப் பக்கம் குரோமோசோம் கோளாறால் கலைபவை, கரு உருவாகும்போதே நேர்ந்துவிடுவது. பைக்கில் போனதாலோ, மாடிப்படி ஏறியதாலோ, யார் வீட்டிலோ ஒரு துண்டு பப்பாளி சாப்பிட்டதாலோ அல்ல. இது டாக்டர் வாயிலிருந்து வராவிட்டால் வீட்டுக்குப் போனதும் விசாரணை ஆரம்பித்துவிடும். “நான் அப்பவே சொன்னேன், அந்தக் கல்யாணத்துக்குப் போகாதேன்னு” என்று யாராவது ஒருத்தர் தொடங்குவார், பதில் சொல்ல அவளுக்குத் தெம்பு இருக்காது, அவனுக்கோ யார் பக்கம் பேசுவது என்று தெரியாது. 2021ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி உலகத்தில் ஆண்டுக்கு சுமார் 2 கோடியே 30 லட்சம் கருக்கள் கலைகின்றன, அதாவது நூறு கர்ப்பத்தில் ஏறக்குறைய 15. இவ்வளவு சாதாரணமாக நடக்கிற ஒன்று நம் வீட்டில் மட்டும் நடந்தது போல ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, யாரும் வாய் திறக்காதது. கருவை எடுத்த பிறகு அது எங்கே போகிறது? 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையில், உடல் திசுக்களோடு. சிலர் அதைக் கேட்கவே விரும்ப மாட்டார்கள், அவர்களை வற்புறுத்த வேண்டாம். சிலருக்குத் தெரிய வேண்டும், நாலைந்து மாதம் ஆன கரு என்றால் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருக்கும். தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, பார்க்க விரும்புகிறீர்களா என்று முன்கூட்டியே இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டால் போதும். வருடக்கணக்கில் ராத்திரி முழித்துக்கொண்டு யோசிக்கிற வேலை மிச்சம்.

வீட்டுக்கு வந்த பிறகு என் மாமியார் பூண்டுக் குழம்பும் பத்தியச் சாப்பாடும் கொடுத்து, தலைக்கு ஊற்றி, பிரசவம் ஆனவளைப் போலவே பார்த்துக்கொண்டார். “இதுவும் பிரசவம்தான்யா, உடம்பு ரொம்ப வாடிடும்” என்றார். அந்த ஒரு விஷயத்தில் பழைய ஆட்களுக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக்குத் தெரியவில்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. “அவளைத் தைரியமாப் பாத்துக்கங்க மாப்ள” என்றார்கள். நான் சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டேன், அவள் முன்னால் அழக் கூடாது என்று பைக்கை ஓரங்கட்டி அழுவேன். நான் அழாததைப் பார்த்து இவருக்கு ஒன்றுமே இல்லை போல என்று அவள் நினைத்திருக்கிறாள். எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் போகும் என்று நினைக்கிறேன். லண்டனிலும் பெல்ஜியத்திலும் செய்த ஓர் ஆய்வு 2020ல் வந்தது: ஆரம்பத்திலேயே கர்ப்பத்தை இழந்த பெண்களில் 29 சதவீதம் பேரிடம் ஒரு மாதம் கழித்து, பெரிய விபத்தில் தப்பியவர்களுக்கு வருகிற மாதிரியான மன அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன, 9 மாதம் ஆன பிறகும் 18 சதவீதம் பேரிடம் இருந்தன. அதே குழு துணைவர்களையும் கேட்டபோது, மூன்று மாதம் கழித்து 12 பேரில் ஒருவருக்கு அதே அறிகுறிகள். ஆக, ஆணுக்கும் அது வருகிறது. அவனைக் கேட்பாரில்லை.

வேலைக்குப் போகிற பெண்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கருச்சிதைவுக்கு 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1961 மகப்பேறு பலன் சட்டத்திலேயே இருந்த உரிமை, 2020ல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிக் கேளுங்கள், சிக் லீவில் கழித்துவிட வேண்டாம். கணவனுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. நியூசிலாந்தில் 2021லிருந்து கருவை இழந்த பெண்ணுக்கும் அவள் துணைக்கும் 3 நாள் துக்க விடுப்பு தருகிறார்கள். மூன்றே நாள்தான், ஆனால் இரண்டு பேருக்கும். நம் ஊரில் அது வர வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையும் இருக்கிறது. கர்ப்பத்தைப் பதிந்த இடங்களில் எல்லாம் தகவல் சொல்லிவிட வேண்டும், கர்ப்பத்தை அரசிடம் பதிந்து பிக்மி எண் வாங்கியிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடமும்தான். இல்லாவிட்டால் செக்கப்புக்கு ஏன் வரவில்லை என்று போன் வரும், அடுத்த ஸ்கேன் தேதி மெசேஜில் வரும், போனில் இருக்கிற கர்ப்ப கால ஆப், குழந்தை இந்த வாரம் எலுமிச்சை அளவு என்று காட்டும். இதைக் கணவனோ, வீட்டில் நம்பிக்கையான யாராவது ஒருத்தரோ அவளிடம் கேட்டுவிட்டு செய்துவிடலாம். ஸ்கேன் படத்தை மட்டும் அவளைக் கேட்காமல் எங்கேயும் ஒளிக்காதீர்கள், கிழிக்காதீர்கள்.

தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள், முடிந்தால் சேர்ந்தே போங்கள். உயிரை விட்டுவிடலாம் போல இருக்கிறது என்று யார் சொன்னாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். வெளியே போகத் தயக்கம் என்றால் 14416க்கு போன் செய்யலாம். 2022ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவை, காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வராந்தாவில் நின்ற என் தம்பிக்கும் இந்த நம்பரைத்தான் அனுப்பினேன், அவளுக்கு மட்டும் இல்லைடா, உனக்கும்தான் என்று சொல்லி.