நீல விளக்கு இருக்கிறது, பொலிஸைக் காணவில்லை

எங்கள் பக்கத்துப் பொலிஸ் ஸ்டேசன் இப்போது அடுக்குமாடி வீடுகள். வாங்கிய கொம்பனி எல்லாவற்றையும் இடித்து மாற்றிவிட்டு, வாசலில் இருந்த நீல விளக்கை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. 1861 இலிருந்து லண்டன் ஸ்டேசன்களுக்கு அடையாளமாக இருந்த விளக்கு. வீடு விற்கிறவர்களுக்கு நல்ல அலங்காரம்.

2010 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 143,700 பொலிஸ் அதிகாரிகள் இருந்தார்கள். அந்த ஆண்டு வந்த கூட்டணி அரசு செலவில் கைவைக்க, 2017 இல் அது 122,000 அளவுக்கு இறங்கியது. 2019 இல் போரிஸ் ஜோன்சன் வந்து, மேலதிகமாக 20,000 பேரை எடுக்கப்போகிறோம் என்றார். எடுத்தார்கள், பொய் சொல்லக்கூடாது. 2023 மார்ச்சில் தொகை 149,000 ஐத் தாண்டியது. ஆனால் இடையில் சனத்தொகையும் கூடிவிட்டது. தலைக்கு இத்தனை என்று பிரித்துப் பார்த்தால் 2010 ஐவிடக் குறைவுதான். தெருவில் நடந்து திரிந்து, கடைக்காரரோடு கதைத்து, பெடியளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சமூக ஆதரவு அதிகாரிகள் ஏறக்குறைய பாதியாகிவிட்டார்கள். அவர்களைப் பற்றி அரசியல்வாதிகள் மேடையில் பேசுவது குறைவு.

ஆட்களையாவது திரும்ப எடுக்கலாம். விற்ற கட்டிடம் விற்றதுதான்.

லண்டனில் பெரிய வெட்டு 2017 இல் விழுந்தது. பொதுமக்கள் நேரே போய் முறைப்பாடு கொடுக்கிற கவுண்டர்கள் அப்போது 73. பரோ என்ற உள்ளூராட்சிப் பிரிவுக்கு ஒன்று 24 மணிநேரமும் திறந்திருந்தால் போதும், மிச்சத்தை மூடலாம் என்பது மேயர் அலுவலகத்தின் திட்டம். மத்திய அரசு காசைக் குறைத்தால் நாங்கள் என்ன செய்வது, கட்டிடமா கொன்ஸ்டபிளா என்று கேட்டார்கள். குற்றங்களில் 8 சதவீதம்தான் கவுண்டரில் பதிவாகிறது என்ற கணக்கையும் காட்டினார்கள்.

எனக்கு அந்த 8 சதவீதத்தில்தான் மனத்தாங்கல். அந்த 8 பேர் ஆர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். எழுபது தாண்டிய அம்மா, தனியே இருக்கிறார். பஸ்ஸால் இறங்கி நடக்கையில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். மகன் வேலைத்தளத்தில் இருந்தபடியே ஒன்லைனில் படிவம் நிரப்பினார்: எங்கே, எத்தனை மணி, என்ன பெறுமதி. இலக்கம் ஒன்று வந்தது. அதோடு சரி. பிறகு நான் இரண்டு பஸ் மாறி, பரோவில் மிஞ்சியிருந்த கவுண்டருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பொலிஸ்கூட இல்லை, சிவில் ஊழியர். ஆனால் அவசரப்படுத்தவில்லை. அம்மா வழக்கம்போல சங்கிலி செய்வித்த கதையிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்ல அந்த நாளுக்கு வந்து, நடுவில் சாதாரணமாகச் சொன்னார்: "முதல் கிழமையும் உந்தப் பெடியன் பின்னால வந்தவன் பிள்ளை. நான் சும்மா எண்டு விட்டிட்டன்."

நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். படிவத்தில் அதற்கு ஒரு பெட்டியும் இருக்கவில்லை. பெற்ற மகனுக்கும் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் பொலிஸ் ஸ்டேசன் வாசலையே மிதிக்கக்கூடாது என்று பயந்து வாழ்ந்த தலைமுறை இது. லண்டனுக்கு வந்து, பொலிஸிடமும் போய்க் கதைக்கலாம் என்று துணிவதற்கு இருபது, முப்பது வருசம் எடுத்தது. துணிந்து போனால் வாசல் இல்லை. அவசரமில்லாத முறைப்பாட்டுக்கான பொலிஸ் இலக்கம் 101 ஐ அழுத்தி, காத்திருந்து, மொழிபெயர்ப்பாளரின் குரல் மூன்றாவதாக வந்து சேர்வதற்குள் அவர்கள் "சரி விடு" என்று வைத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் மாற்றேலாது என்பவர்களுக்கு லண்டனில் இருக்கிற விம்பிள்டனைக் காட்டுவேன். போல் கோலர் என்ற சட்ட விரிவுரையாளரின் வீட்டுக்குள் 2014 இல் நான்கு பேர் புகுந்து அவரைக் கொடூரமாக அடித்தார்கள். விம்பிள்டன் ஸ்டேசன் பக்கத்தில் இருந்து, பொலிஸ் கெதியாக வந்ததால்தான் தப்பினேன் என்று அவர் சொன்னார். 2017 பட்டியலில் அந்த ஸ்டேசனும் இருந்தது. வழக்குப் போட்டார். கருத்துக் கேட்டபோது அவர் எழுதி அனுப்பியதை மேயர் அலுவலகம் சரியாகக் கவனத்தில் எடுக்கவில்லை என்று கண்ட உயர் நீதிமன்றம், விம்பிள்டனை மூடும் முடிவு சட்டத்துக்கு முரணானது என்று 2018 இல் தீர்ப்பளித்தது. 2024 இல் அவர் அதே தொகுதியின் எம்.பி.யும் ஆனார். அவர் சட்டம் படித்தவர், வாதாடத் தெரிந்தவர், உண்மைதான். ஆனால் வழக்கு நின்றது ஒரு கடிதத்தின் மேல்.

2025 இல் மெற் என்ற லண்டன் பொலிஸ் மறுபடியும் கவுண்டர்களைக் குறைக்கும் திட்டத்தோடு வந்தது. உங்கள் கவுன்சிலருக்கும் எம்.பி.க்கும் எழுதுங்கள். பொதுவாக "மூடவேண்டாம்" என்று எழுதினால் குப்பைக்குள் போகும். எந்த ஸ்டேசன், வீட்டிலிருந்து எத்தனை பஸ், கடைசியாக எதற்காகப் போனீர்கள், போய் என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஆங்கிலம் வராது என்றால் தமிழில் எழுதித் தாருங்கள், மாற்றித் தர நான் இருக்கிறேன்.