கன்ரீன் வரிசையில் தொடங்கிய படிப்பு

எங்கள் கல்லூரியில் இடைவேளை 20 நிமிடம். அதில் பெரும்பகுதி கன்ரீன் வரிசையிலேயே போய்விடும். வடையும் பிளேன்ரீயும் கைக்கு வர மணி அடிக்கும். பின்னால் நிற்கிற நாங்கள் கன்ரீன் ஐயாவைத்தான் ஏசுவோம்.

உயர்தர வகுப்பில் பிரயோக கணிதம் படிப்பித்த சேர் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டார். "அவரை ஏசாதையும் தம்பி. மணிக்கூட்டோட பக்கத்தில நிண்டு பாரும், நேரம் எங்க போகுதெண்டு" என்றார்.

மூன்று நாள் நின்று குறித்தேன். ஒரு பெடியனுக்கு 20 வினாடி. வடையும் தேநீரும் கொடுக்க 8 வினாடிதான். மிச்சம் 12 வினாடியும் சில்லறை தேடுவதில் போனது. 45 பேர் நின்றால் கடைசிப் பெடியனுக்கு 15 நிமிடம். சேர் அதிபரோடு கதைத்து, வகுப்புத் தலைவர்கள் காலையிலேயே காசை வாங்கி மட்டைத் துண்டு கொடுக்கிற ஒழுங்கைக் கொண்டுவந்தார். அதே 45 பேரும் 6 நிமிடத்தில் வாங்கி முடித்தோம். ஐயா முன்பு போலவே ஆறுதலாகத்தான் வடை எடுத்துத் தந்தார்.

ரொறன்ரோவுக்கு வந்து பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும்போது கைத்தொழிற் பொறியியல் என்று ஒரு துறை இருப்பதைக் கண்டேன். "பக்டரி வேலையோ?" என்று அப்பா கவலைப்பட்டார். மனிதர், இயந்திரம், பொருள், தகவல், நேரம் எல்லாம் சேர்ந்து ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கிற படிப்பு என்று விளங்கப்படுத்தினேன். கணிதம் பிடிக்கும், ஆனால் மனிதர்களை விட்டு விலகவும் மனமில்லை என்கிற பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம் இருந்தார்கள்.

ஜோன் லிற்றில் 1961இல் நிறுவிய விதியை அங்கே படித்தேன். வரிசையில் நிற்பவர்களின் சராசரி எண்ணிக்கை, அவர்கள் வந்து சேரும் வேகத்தைச் சராசரிக் காத்திருப்பால் பெருக்கினால் வருவது. எங்கள் கன்ரீன் கணக்கே சூத்திரமாக நின்றது! என்றாலும் என்னை அதிகம் தொட்டவர் பிராங்க் கில்பிரெத். கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் தரைவரை குனிவதைப் பார்த்து, கற்களை அவர் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கும் சாரத்தை அமைத்தவர். ஒரு கல் வைக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகள் ஏறக்குறைய 5 ஆகக் குறைந்தன.

இந்தத் துறைக்கு மறுபக்கமும் உண்டு. 1911இல் அமெரிக்காவின் வோட்டர்ரவுன் ஆயுதத் தொழிற்சாலையில், தங்கள் வேலையை நிறுத்தற் கடிகாரத்தால் அளந்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆளை விரட்ட அளப்பது வேறு, அவருடைய சுமையைக் குறைக்க அளப்பது வேறு. சேர் எனக்குக் காட்டித் தந்தது இரண்டாவதை.

இப்போது மருத்துவமனைகளில் வேலை செய்கிறேன். ஒரு கிளினிக்கில் நோயாளர் எல்லோரையும் காலை 8 மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். மண்டபம் நிரம்பி வழிய, தாதியர் ஏச்சு வாங்கினார்கள். நேரங்களைப் பிரித்துக் கொடுத்தோம், அவ்வளவுதான். எந்த வார்ட்டுக்குப் போனாலும், "உங்களை அளக்க வரவில்லை, உங்களை எது மினக்கெடுத்துகிறது என்று பார்க்க வந்தேன்" என்று முதலில் சொல்லிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தாதி என்னைக் கூட்டிக்கொண்டு போய், நடைபாதையின் அந்தக் கடைசியில் இருக்கிற மருந்து அலுமாரியைக் காட்டுவார்.